31 டிகிரி அறையில் 81 காட்டினால் பயப்படணுமா? புதுக் கம்ப்யூட்டரில் பிராசசர் சூட்டைப் புரிந்துகொள்ள முழுமையான வழிகாட்டி

மார்த்தாண்டத்தில் இருந்து அக்கா மகன் ராத்திரி பத்தரை மணிக்குக் கூப்பிட்டான். இரண்டு நாள் முன்புதான் பாகங்களை ஒவ்வொன்றாக வாங்கி, தானே உட்கார்ந்து பூட்டிய புதுக் கம்ப்யூட்டர்.

"மாமா, பிராசசர் 100 டிகிரி காட்டுது. ஆஃப் பண்ணிரட்டா?"

"என்னத்த ஓடவிட்ட மக்கா?"

"ஒண்ணும் இல்ல மாமா, கேம்தான்."

"ரூம்ல எவ்வளவு சூடு?"

"அது எதுக்கு மாமா?"

அது எதுக்கு என்பதற்குப் பதில் போனில் சொல்லி முடியவில்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். ஒரு விஷயம் முதலிலேயே. நம் ஊரில் சிபியு என்றால் மேசைக்குக் கீழே இருக்கும் முழுப் பெட்டி என்றுதான் பாதிப் பேர் நினைக்கிறார்கள். குழப்பம் வேண்டாம் என்று பெட்டியைக் கேபினெட் என்றும், உள்ளே மதர்போர்டில் உட்காரும் அந்தச் சின்னச் சில்லைப் பிராசசர் என்றும் சொல்கிறேன். மென்பொருளிலும் மதர்போர்டிலும் சிபியு என்று எழுதியிருந்தால் அது பிராசசர்தான்.

இணையத்தில் தேடினால் ஒருவர் 60க்குள் இருக்கணும் என்பார், இன்னொருவர் 80 தாண்டினால் ஆபத்து என்பார், மூன்றாமவர் எனக்கு 95லேயே ஓடுது ஒரு பிரச்சினையும் இல்லை என்பார். மூன்று பேருமே அவரவர் கணக்கில் சரியாக இருக்கலாம். எந்தப் பிராசசர், எத்தனை வாட் இழுக்கும்போது, எந்தச் சூடுள்ள அறையில் என்று யாரும் சொல்வதில்லை, அங்கேதான் வில்லங்கம். பெரும்பாலான விமர்சகர்கள் சோதனை செய்வது 20 முதல் 25 டிகிரி வரை குளிரூட்டிய அறையில். நாகர்கோவிலில் கான்கிரீட் மாடி வீட்டில், ஏசி இல்லாத அறையில், ராத்திரி பத்து மணிக்கும் 30 டிகிரிக்குக் குறையாத நாட்கள் எத்தனையோ உண்டு. பகல் வெயிலில் நாம் திருநெல்வேலி அளவுக்கு வேகமாட்டோம் என்பது உண்மைதான், ஆனால் ராத்திரியும் பெரிதாகக் குளிராது, கடல் பக்கம் அப்படி. ஆகவே அவர்கள் எண்ணை அப்படியே எடுத்து நம் கம்ப்யூட்டரோடு ஒப்பிட்டால் எடுத்த எடுப்பிலேயே ஒரு 8, 10 டிகிரி தவறு.

மலையின் உயரத்தைக் கடல் மட்டத்தில் இருந்து அளக்கிறோம் இல்லையா, அதுபோலப் பிராசசர் சூட்டை அறைச் சூட்டில் இருந்து அளக்க வேண்டும். 31 டிகிரி அறையில் 81 என்றால் ஏற்றம் 50. அதே கம்ப்யூட்டரை அப்படியே தூக்கிப்போய் 22 டிகிரி ஏசி அறையில் வைத்தால் ஏறக்குறைய 72 காட்டும். பிராசசர்மேல் உட்கார்ந்து அதன் சூட்டை இழுக்கும் கூலர் மாறவில்லை, இரண்டுக்கும் இடையே தடவும் பேஸ்ட் மாறவில்லை, ஏற்றம் அதே 50தான். இந்த ஏற்றம் என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசி வரை வரும்.

முதலில், எந்த எண்ணைப் பார்க்கிறீர்கள்

விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் கிராபிக்ஸ் கார்டின் சூடு தெரியும், பிராசசர் சூட்டுக்குத் தனி மென்பொருள்தான் வேண்டும். நான் பயன்படுத்துவது எச்டபிள்யூஇன்ஃபோ, இலவசம். திறக்கும்போது சென்சார் மட்டும் போதும் என்று டிக் செய்துவிடுங்கள். கோர் டெம்ப் இன்னும் எளிது. லினக்ஸ் ஓட்டும் பிள்ளைகள் எல்எம்-சென்சார்ஸ் நிறுவி டெர்மினலில் சென்சார்ஸ் என்று அடித்தால் போதும். இரண்டு மூன்று மென்பொருளை ஒரே நேரத்தில் திறந்து வைக்காதீர்கள், ஒரே சென்சாரை எல்லாம் போட்டிபோட்டுக் கேட்கும்போது அபத்தமான எண்கள் வரும்.

எச்டபிள்யூஇன்ஃபோவைத் திறந்ததும் நூறு வரி ஓடும், பயந்துவிட வேண்டாம். இன்டெல் என்றால் சிபியு பேக்கேஜ் என்ற வரி. ஏஎம்டி ரைசன் என்றால் டிசிடிஎல்/டிடை என்ற வரி. இவை சில்லின் உள்ளேயே இருக்கும் சென்சார்கள் தருபவை. மதர்போர்டு பெயருக்குக் கீழே சிபியு என்று இன்னொரு வரியும் இருக்கும். அது போர்டில் உள்ள கண்காணிப்புச் சில்லு தரும் எண், மெதுவாக மாறும், பல டிகிரி வித்தியாசமும் காட்டலாம். அதே பகுதியில் ஏதாவது ஒரு சென்சார் 127 டிகிரி என்றோ பூச்சியத்துக்குக் கீழே என்றோ காட்டினால் கண்டுகொள்ளாதீர்கள், அந்த முனையில் எதுவுமே இணைக்கவில்லை என்று அர்த்தம்.

ஒவ்வொரு வரியிலும் நான்கு கட்டம் இருக்கும்: இப்போதைய அளவு, குறைந்தது, அதிகபட்சம், சராசரி. நம் ஆட்கள் முக்கால்வாசிப் பேர் பயப்படுவது அந்த அதிகபட்சக் கட்டத்தைப் பார்த்து. ஒரு மென்பொருளைத் திறக்கும் கணத்தில் ஒரு கோரின் (பிராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகளில் ஒன்று) சூடு குதித்து இறங்கியிருக்கும், அதையும் அந்தக் கட்டம் பிடித்து வைத்துக்கொள்ளும். நீங்கள் பார்க்க வேண்டியது, வேலை சீராக ஓடும்போது இப்போதைய அளவு எங்கே நிற்கிறது என்பதைத்தான்.

பழைய ரைசனைச் செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் தலைமுறை 1700எக்ஸ், 1800எக்ஸ் இரண்டிலும் டிசிடிஎல் எண் உண்மையான சூட்டைவிட 20 டிகிரி கூட்டியே காட்டும், ஃபேன் வேகத்துக்காக ஏஎம்டி வேண்டுமென்றே வைத்த கணக்கு. 2700எக்ஸில் அது 10 டிகிரி. அதற்கப்புறம் வந்தவற்றில் இந்தத் தலைவலி கிடையாது.

உங்கள் பிராசசரின் உச்சவரம்பு

ஒவ்வொரு பிராசசருக்கும் இதற்கு மேல் போகவிடமாட்டேன் என்று தயாரித்தவர்களே வைத்த வரம்பு உண்டு. இன்டெல்லின் 12, 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்களில் அது பொதுவாக 100 டிகிரி. ரைசன் 5 5600க்கு 90. 5600ஜிக்கு 95. 7600, 7600எக்ஸ், 7700எக்ஸ் போன்றவற்றுக்கு 95. 7800எக்ஸ்3டிக்கு 89, ஏனென்றால் அதில் சில்லின்மேல் இன்னொரு நினைவகச் சில்லு அடுக்கப்பட்டிருக்கிறது.

வரம்பைத் தொட்டால் பிராசசர் எரிந்து போகாது. தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், இதற்குத் த்ராட்லிங் என்று பெயர். அதையும் மீறிச் சூடு ஏறினால் மின்சாரத்தை வெட்டிக் கம்ப்யூட்டரே அணைந்துவிடும். ஆக, அக்கா மகன் கேட்டது போல அந்த நிமிடமே சுவிட்சை அணைக்க ஓட வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் காசு கொடுத்து வாங்கிய வேகம் கையில் வராது, ஃபேன் வேறு ஹெலிகாப்டர் மாதிரிக் கத்தும்.

இதில் விதிவிலக்கு ரைசன் 7000 வரிசையின் எக்ஸ் மாடல்கள். கடுமையான வேலை கொடுத்தால் 95ஐத் தொடும் வரை வேகத்தை ஏற்றிக்கொண்டே போகும்படிதான் அவற்றை அமைத்திருக்கிறார்கள், ஏஎம்டி இதை வெளிப்படையாகவே சொன்னது. அங்கே நல்ல கூலர் போட்டால் சூடு குறையாமல் வேகம் கூடும், 95 என்ற எண் அப்படியே நிற்கும். ஆகவே அந்தப் பிராசசர் வைத்திருப்பவர்கள் டிகிரியைப் பார்ப்பதைவிட வேகத்தைக் காட்டும் கிகாஹெர்ட்ஸைப் பார்ப்பதே மேல்.

அறைச் சூட்டை அளக்காமல் அடுத்த அடி வைக்காதீர்கள்

சுவரில் மாட்டும் சாதாரண அறை வெப்பமானி ஒன்று போதும். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு வராதீர்கள், ஒருவர் வந்தார், அது பெரும்பாலும் 32க்குக் கீழே எதையும் காட்டாது. வெப்பமானியைக் கேபினெட்டின் முன்பக்கம், காற்று உள்ளே போகும் இடத்துக்கு ஒரு அடி தள்ளி வையுங்கள். பின்பக்கம் வைத்தால் அது வெளியே தள்ளும் சூட்டை அளக்கும். கால் மணி நேரம் விட்டுவிட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இது கையில் இருந்தால் இன்னொரு லாபம். காற்றுக் கூலரோ தண்ணீர்க் கூலரோ, எதுவானாலும் அறைச் சூட்டுக்குக் கீழே பிராசசரைக் கொண்டுபோக முடியாது. தண்ணீர்க் கூலரும் கடைசியில் சூட்டை அறைக் காற்றில்தான் கொட்டுகிறது. ஆகவே 31 டிகிரி அறையில் உங்கள் மென்பொருள் 26 என்று காட்டினால் சந்தோஷப்படாதீர்கள், அது சென்சார் பிழை. இன்டெல் சென்சார்கள் வரம்பில் இருந்து எவ்வளவு கீழே என்று அளப்பவை. வரம்புக்குப் பக்கத்தில் துல்லியமாக இருக்கும், குளிர்ந்த பக்கம் அவ்வளவு நம்பக்கூடாது.

சும்மா இருக்கும்போது

கம்ப்யூட்டரைப் போட்டதும் பார்க்காதீர்கள். விண்டோஸ் பின்னால் அப்டேட், வைரஸ் தேடல் என்று எதையாவது செய்துகொண்டே இருக்கும். ஒரு பத்து நிமிடம் விடுங்கள், போய் ஒரு கட்டஞ்சாயா குடித்துவிட்டு வாருங்கள். நம் அறைகளில் 38 முதல் 50க்குள் எங்கே நின்றாலும் எனக்குக் கவலை இல்லை.

ரைசன் வைத்திருப்பவர்கள் சும்மா இருக்கும்போதே 42, 55, 44, 58 என்று எண் துள்ளுகிறது என்பார்கள். ஒரு சின்ன வேலை வந்தாலும் ஒரு கோரை முழு வேகத்துக்கு ஏற்றி, சட்டென்று முடித்துவிட்டுத் தூங்கப் போவது அதன் சுபாவம். துள்ளுவது சில்லின் ஒரு மூலை மட்டும்தான், கூலரைத் தொட்டுப் பார்த்தால் குளிர்ந்தே இருக்கும். சூட்டைப் பார்க்கும் மென்பொருளே இரண்டு விநாடிக்கு ஒரு முறை கோர்களை எழுப்பிவிடுகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய்ப் பார்த்தால் விண்டோஸில் சும்மா இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும். அங்கே பிராசசர் தூங்கும் நிலைக்குப் போவதில்லை, அவ்வளவுதான் காரணம்.

சும்மா இருக்கும்போது வரும் எண்ணை வைத்துக் கூலரை எடை போட முடியாது என்பது என் அபிப்பிராயம். அதற்காக இரண்டு நாள் தலையை உடைத்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். வேலை கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

வேலை கொடுத்துப் பார்ப்பது

சினிபெஞ்ச் ஆர்23 இறக்கிக்கொள்ளுங்கள், எல்லாக் கோர்களுக்கும் 10 நிமிடம் தொடர்ந்து வேலை கொடுக்கும் சோதனை அதிலேயே இருக்கிறது. பிரைம்95 இன்னும் கொடுமையானது, அதன் சிறிய எஃப்எஃப்டி சோதனையில் வருகிற சூடு உங்கள் அன்றாட வேலையில் வரவே வராது. அதை ஓடவிட்டு எடுத்த படத்தை நண்பர்களுக்கு அனுப்பி ஒப்பாரி வைக்கத் தேவையில்லை.

ஓடும்போது நான்கு எண்களை எழுதுங்கள். அறைச் சூடு. பத்தாவது நிமிடத்தில் பிராசசர் சூடு. சிபியு பேக்கேஜ் பவர் என்ற வரியில் வரும் வாட். எல்லாக் கோர்களும் ஓடும் கிகாஹெர்ட்ஸ். இந்த நான்கும் சேர்ந்தால்தான் ஒரு அளவு. ஒன்று குறைந்தாலும் அது வெறும் வதந்தி.

எங்கள் உதாரணத்தைச் சொல்கிறேன். அக்கா மகனுடையது இன்டெல் ஐ5-12400எஃப், கூலர் பிராசசரோடு சேர்ந்தே வந்தது. எல்லாம் சரிசெய்த பிறகு அறை 31, பிராசசர் 81, பவர் 75 வாட், வேகம் 4.0 கிகாஹெர்ட்ஸ். அந்தப் பிராசசர் எல்லாக் கோர்களிலும் போகக்கூடிய முழு வேகமே அதுதான். ஏற்றம் 50, அதை 75ஆல் வகுத்தால் ஒரு வாட்டுக்கு சுமார் 0.67 டிகிரி. இந்த எண்தான் கூலரின் ஜாதகம் மாதிரி. கோடையிலும் மழையிலும் இது பெரிதாக மாறாது. ஆறு மாதம் கழித்து மாறியிருந்தால் ஏதோ கெட்டுப்போயிருக்கிறது.

கேம் ஆடும்போது கணக்கு வேறு. அப்போது பிராசசர் இழுப்பது சினிபெஞ்சைவிடக் குறைந்த வாட்தான், ஆனால் பக்கத்தில் கிராபிக்ஸ் கார்டு 150, 200 வாட் சூட்டைக் கேபினெட்டுக்குள் கொட்டிக்கொண்டிருக்கும். கூலர் இழுப்பது அந்தச் சூடான காற்றை. அதனால் அரை மணி நேரம் ஒரு கேம் ஓடவிட்டும் தனியாக ஒரு முறை குறித்துக்கொள்ளுங்கள்.

சூடு ஏறுகிற விதம்

எனக்கு இந்தச் சமாச்சாரத்தில் ரொம்பப் பிடித்த பகுதி இதுதான், பெரும்பாலான ஆட்கள் பார்க்காமல் விடுவதும் இதைத்தான். எத்தனை டிகிரி என்பதைவிட எப்படி ஏறியது என்பதைப் பாருங்கள். எச்டபிள்யூஇன்ஃபோவில் அந்த வரியின்மேல் இரண்டு முறை கிளிக் செய்தால் வரைபடம் திறக்கும்.

நல்ல கம்ப்யூட்டரில் ஏற்றம் இரண்டு பகுதியாக வரும். சோதனையைத் தொடங்கிய விநாடியிலேயே 40ல் இருந்து 60க்கு மேல் ஒரு தாவல். அப்புறம் நிமிடக்கணக்கில் மெதுவாக ஒரு ஏறுமுகம், எட்டு பத்து நிமிடத்தில் ஒரு மட்டத்தில் படுத்துவிடும். அந்த முதல் தாவல் சில்லுக்கும் கூலருக்கும் இடையில் உள்ள தூரம், அதாவது சில்லு, அதன்மேல் உள்ள உலோக மூடி, பேஸ்ட். இரண்டாவது ஏறுமுகம் கூலரின் அலுமினியமும் கேபினெட் காற்றும் சூடாவது. தோசைக்கல் மாதிரிதான், அடிப்பக்கம் உடனே சுடும், கல் முழுக்கச் சூடாக நேரம் எடுக்கும்.

தாவல் ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று கேட்டால், சில்லு அவ்வளவு சின்னது. ரைசன் 5000 வரிசையில் கோர்கள் இருக்கும் சில்லு சுமார் 81 சதுர மில்லிமீட்டர், சுண்டுவிரல் நகம் அளவு. முழு வேலையில் அதில் இருந்து 50 வாட்டோ அதற்கு மேலோ சூடு வரும். ரிப்பேர் கடையில் பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். இரண்டு சால்டரிங் அயர்னின் சூட்டை ஒரு நகத்தில் இருந்து இழுத்து எடுக்கிறோம் என்று யோசித்துப் பார்த்தால் 80 டிகிரி ஒன்றும் மோசமாகத் தோன்றாது.

இனி நோய் கண்டுபிடிப்பது சுலபம். தொடங்கி ஐந்து விநாடிக்குள் 95, 100ஐத் தொட்டுவிட்டால் சில்லுக்கும் கூலருக்கும் இடையே தொடர்பே சரியில்லை. தாவல் அளவாக இருந்து, இருபது நிமிடம் ஆகியும் ஏறுவது நிற்கவில்லை என்றால் கேபினெட்டில் காற்றோட்டம் இல்லை. திடீரென்று ஏறி, வேகம் சரிந்து, மறுபடி ஏறி என்று ரம்பப் பல் மாதிரி வந்தால் த்ராட்லிங் நடக்கிறது. இன்டெல்லில் தெர்மல் த்ராட்லிங் என்ற வரியிலேயே ஆம், இல்லை என்று காட்டிவிடும்.

அக்கா மகனிடம் வரைபடத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். நான்கே விநாடியில் 100, வேகம் 3 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே. மறுநாள் காலை பஸ் ஏறிவிட்டேன்.

தொடர்பு சரியில்லை என்றால்

முதல் சந்தேகம், கூலரின் அடியில் ஒட்டி வரும் பிளாஸ்டிக் தாள். கூலரை உள்ளே வைக்கும் அவசரத்தில் பல பேர் அதை உரிப்பதில்லை. அவன் உரித்திருந்தான்.

இரண்டாவது, இன்டெல் கூலரின் நான்கு பிளாஸ்டிக் காலும். மதர்போர்டைக் கேபினெட்டில் பூட்டிய பிறகு கூலரை அழுத்தினால் போர்டு வளைகிறதே என்று பயந்து பாதியில் விட்டுவிடுவார்கள். அதேதான் நடந்திருந்தது. மேலே இருந்து பார்த்தால் நான்கும் உட்கார்ந்த மாதிரி இருந்தது, போர்டைக் கழற்றித் திருப்பிப் பார்த்தால் குறுக்கெதிர் மூலைகள் இரண்டில் கால் மறுபக்கம் வந்து விரியவே இல்லை. சரியான முறை: போர்டை வெளியே எடுத்து, அதன் அட்டைப்பெட்டிமேல் வைத்து, குறுக்கெதிராக இரண்டிரண்டு கால்களை டக் என்று சத்தம் வரும் வரை அழுத்துங்கள். அழுத்தும் முன் நான்கு தலைகளையும் அம்புக்குறிக்கு எதிர்ப்பக்கம் திருப்பி வைத்திருக்க வேண்டும், அம்புக்குறி காட்டும் திசை கழற்றுவதற்கானது. முடிந்ததும் கூலரை மெல்ல அசைத்துப் பாருங்கள், ஆடக்கூடாது.

ஒரு முறை எடுத்துவிட்டால் பழைய பேஸ்ட்டோடு திரும்ப வைக்காதீர்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சு விடாத துணியால் இரண்டு பக்கமும் துடையுங்கள். புதுப் பேஸ்ட் மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக, பட்டாணியைவிடக் கொஞ்சம் சின்னதாக நடுவில் வைத்தால் போதும். இன்டெல்லின் இந்தச் சாக்கெட், அதாவது பிராசசர் உட்காரும் இடம், நீள்சதுரம் என்பதால் நான் நீளவாக்கில் ஒரு சின்னக் கோடாகவே போடுவேன். கூலரின் அழுத்தமே பரப்பிக்கொள்ளும். கொஞ்சம் கூடிப்போனாலும் பரவாயில்லை, ஓரத்தில் பிதுங்கும், அவ்வளவுதான். குறைந்தால்தான் கஷ்டம்.

ஏஎம்4 என்ற பழைய வகைச் சாக்கெட்டில் உட்காரும் ரைசனில் கூலரைக் கழற்றும்போது நேராக மேலே இழுத்துவிடாதீர்கள். பேஸ்ட் இறுகிப்போய்ப் பிராசசரே சாக்கெட்டில் இருந்து பிடுங்கிக்கொண்டு வரும், அடியில் உள்ள ஊசிகள் வளையும். கம்ப்யூட்டரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி, பிறகு அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கூலரை இடமும் வலமுமாகத் திருகி எடுங்கள். புது வகையான ஏஎம்5 சாக்கெட்டில் பிராசசரைப் பிடித்து வைக்கும் சட்டம் இருப்பதால் இந்தப் பயம் இல்லை.

மூன்றாவது, ஃபேன் வயர். கூலர் ஃபேன் சிபியு ஃபேன் என்று எழுதிய முனையில் இருக்க வேண்டும். பக்கத்தில் உள்ள சிஸ்டம் ஃபேன் முனையில் செருகினால் அது வேறு ஏதோ சூட்டைப் பார்த்துச் சோம்பலாகச் சுற்றும். தண்ணீர்க் கூலர் என்றால் பம்ப் எப்போதும் முழு வேகத்தில் ஓட வேண்டும், பம்ப் இருக்கும் பகுதி குழாய் வட்டத்தில் எல்லாவற்றுக்கும் மேலாக இருக்கக்கூடாது, அங்கே காற்றுக்குமிழி தங்கிவிடும்.

காற்றோட்டம் சரியில்லை என்றால்

ஒரே ஒரு சோதனை. கேபினெட்டின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து வைத்து அதே கேமை அரை மணி நேரம் ஓடவிடுங்கள். சூடு ஐந்து டிகிரிக்கு மேல் குறைந்தால் குற்றவாளி கேபினெட். ஒன்று இரண்டு குறைந்தால் அங்கே தேடி லாபம் இல்லை.

நம் வீடுகளில் எனக்குத் தெரிந்து மூன்று காரணம். ஒன்று, முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளே கலர் லைட், காற்று போக வழியே இல்லாத கேபினெட். அடுத்து, பழைய கம்ப்யூட்டர் மேசையில் சிபியு வைக்க என்றே அடித்து வைத்த மரப்பெட்டி, பின்னால் பலகை, பக்கத்தில் பலகை. வெளியே தள்ளிய சூட்டையே சுற்றிச் சுற்றி இழுக்கும். மூன்றாவது, துணி. குளச்சல், முட்டம் பக்கம் உப்புக் காற்றுக்குப் பயந்தும், ஆரல்வாய்மொழிப் பக்கம் ஆடிக்காற்றுப் புழுதிக்குப் பயந்தும் கேபினெட்மேல் பூப்போட்ட உறை போடும் பழக்கம் நம் அம்மாக்களுக்கு உண்டு. அணைத்த பிறகு போட்டால் நல்லதே. ஓடும்போது போட்டால் மேல்பக்கம் சூடு வெளியேறும் ஓட்டை அடைபட்டுவிடும்.

முன்னால் இரண்டு ஃபேன் உள்ளிழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள. சாதாரணக் கம்ப்யூட்டருக்கு இதற்குமேல் எதற்கு என்றுதான் நினைக்கிறேன்.

எல்லாம் சரி, ஆனாலும் சூடு என்றால் வாட்டைக் குறையுங்கள்

கூலரை மாற்றக் காசு செலவழிக்கும் முன் பயாஸைப் பாருங்கள். பல மதர்போர்டுகள் இன்டெல் சொன்ன பவர் வரம்பைத் தளர்த்தியே வருகின்றன. ஐ5-12400க்கு அடிப்படை 65 வாட், உச்சம் 117. ஐ5-13600கேக்கு 125, 181. ஐ9-13900கேக்கு 125, 253. போர்டு வரம்பே இல்லாமல் விட்டுவிட்டால் பெரிய பிராசசர்கள் அதற்குமேலும் இழுக்கும். நீண்ட நேரத்துக்கான பிஎல்1, கொஞ்ச நேர உச்சத்துக்கான பிஎல்2 என்ற இரண்டு எண்களையும் நீங்களே போட்டு மட்டுப்படுத்தலாம். ரைசனில் இதற்கு இக்கோ மோட் என்ற அமைப்பு இருக்கிறது. 7600எக்ஸ் 142 வாட் வரை இழுக்கும், 65 வாட் என்று பெயர் உள்ள இக்கோ மோடில் அந்த உச்சம் 88 ஆகிறது. கேமில் வித்தியாசம் தெரிவது அபூர்வம், சூட்டில் நன்றாகவே தெரியும். கரண்ட் போனால் யுபிஎஸ்ஸும் கூடுதல் நேரம் தாங்கும்.

13, 14ஆம் தலைமுறை இன்டெல் டெஸ்க்டாப் வாங்கியவர்கள் சூட்டைப் பார்க்கும் முன்பே பயாஸை அப்டேட் செய்யுங்கள். பிராசசர் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு நாளடைவில் தளர்ந்துபோகும் கோளாறுக்கு 2024 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் இன்டெல் மைக்ரோகோட் (பிராசசருக்குள்ளேயே ஓடும் நிரல்) திருத்தங்களை வெளியிட்டது. வெறும் சூட்டைக் குறைப்பதால் மட்டும் அந்தக் கோளாறு தீராது.

எந்தச் சூட்டில் ஃபேன் எவ்வளவு வேகத்தில் சுற்ற வேண்டும் என்ற பயாஸ் அமைப்பையும் நம் ஊருக்கு ஏற்ப மாற்றுங்கள். 40 டிகிரியில் இருந்தே வேகம் எடுக்கும்படி போர்டில் இருந்தால், 32 டிகிரி அறையில் நாள் முழுக்க ஃபேன் ஏறி இறங்கிக் காதைத் தின்னும். நான் 55 வரை ஒரே மெதுவான வேகம், 75ல் முக்கால், 85ல் முழு வேகம் என்று வைப்பேன். ஃபேன் வேகம் மாற இரண்டு மூன்று விநாடி தாமதம் கொடுக்கும் வசதி பெரும்பாலான போர்டுகளில் உண்டு, ரைசன் துள்ளலுக்கு அது அருமருந்து.

நம் ஊர்க் காலண்டர்

மார்ச் முதல் மே வரை அறை இரண்டு மூன்று டிகிரி ஏறும், பிராசசரும் அதே அளவு ஏறும், அது கோளாறு இல்லை. ஜூனில் தென்மேற்குப் பருவமழையோடு அறை இறங்கும், பிராசசரும் இறங்கும். அந்த மாதங்களில் காற்றில் ஈரமும், கடலோரத்தில் உப்பும், ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் புழுதியும் சேர்ந்து கூலர் இடுக்குகளில் பசை மாதிரி ஒட்டும். ஊதினால் போகாது, மெல்லிய பிரஷ் வேண்டும். துடைக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்று அடித்துச் சுழலவிடாதீர்கள். ஜன்னல் கம்பி ஒரு வருடத்தில் துருப்பிடிக்கும் வீடு என்றால் கேபினெட்டை அந்த ஜன்னலுக்கு நேராக வைக்காதீர்கள்.

அக்டோபரில் அக்கா மகன் மறுபடி கூப்பிட்டான், இந்தத் தடவை பதற்றம் இல்லாமல். "மாமா, ரூம் 29, பிராசசர் 86, 75 வாட். ஏற்றம் 57." வகுத்தும் வைத்திருந்தான், 0.76. அறை குளிர்ந்திருக்கிறது, பிராசசர் சூடாகியிருக்கிறது, வெறும் 86ஐ மட்டும் பார்த்திருந்தால் ஐந்து டிகிரிதானே என்று விட்டிருப்பான். திறந்து பார்த்தால் கூலர் இடுக்கில் புழுதி, ஃபேனுக்கு அடியில் ஒரு பல்லி முட்டை ஓடு. துடைத்து வைத்த பிறகு 29ல் 79.

பக்கவாட்டுக் கதவின் உள்பக்கம் ஒரு தாளை ஒட்டி இந்த எண்களைத் தேதியோடு எழுதி வைத்திருக்கிறான். அதற்குக் கீழே பேனாவில் அக்காவுக்கு ஒரு வரி: அம்மா, லைட் எரியும்போது துணி போடாதே.